வீட்டுப் பணிவிடையும் புரையிடத்து நிழலும்

ஐயா துணை

படுக்கையில் ஓர் உயிர் கிடக்கிற வீட்டில், அந்த உயிரைப் பார்த்துக்கொள்கிறவர் செடி கொடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் மனம் குளிர நின்றால் அது குற்றமா? நிழல் தாங்கல்களில் உகப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் பெண்கள் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. ஆண்கள் இதைக் கேட்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

கேள்வி சும்மா பிறக்கவில்லை. ஊர்ப் பேச்சு ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. "மாமியாரு உள்ள கெடையாக் கெடக்கா, இவளுக்கு வாழைக்குத் தண்ணி ஊத்தணுமாம்" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சொல்வாள். சொன்னவள் கெட்டவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். காதில் விழுந்தவளுக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வராது. மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாழை மூட்டுக்குப் போகும்போது, அடுத்தவர் விளையில் தேங்காய் பொறுக்கப் போகிறவள் போல ஒரு கூச்சம் வரும். அன்புக்கொடி மக்களின் வீடுகளில் அந்தக் கூச்சம் இருக்க வேண்டியதில்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

ஐயாவின் வழியில் வழிபாட்டுக்குப் பணிவிடை என்று பெயர். பதியிலும் தாங்கலிலும் விளக்கேற்றுவது, கூட்டிப் பெருக்குவது, பால் வைப்பது, வந்தவருக்கு அன்னம் விளம்புவது எல்லாமே பணிவிடைதான். இதற்கு நேர் எதிராக இன்னொரு சொல் இருக்கிறது. ஊழியம். இன்று அந்தச் சொல்லைப் பலரும் மரியாதையாகச் சொல்கிறார்கள். பழைய திருவிதாங்கூரில் அதன் பொருள் வேறு. கூலி கிடையாது, மறுக்க முடியாது, கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும், சுமை தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். உன் வீட்டில் என்ன நிலைமை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கொடுமையை, 1841-இல் அரிகோபாலன் சீடரின் கையால் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை விரிவாகச் சொல்கிறது. ஐயா வைகுண்டர் எதிர்த்து நின்றவற்றுள் அந்த ஊழியமும் ஒன்று.

பணிவிடையிலும் ஊழியத்திலும் கை செய்கிற வேலை ஒன்றாகவே இருக்கலாம். தண்ணீர் சுமப்பது இரண்டிலும் உண்டு, பெருக்குவது இரண்டிலும் உண்டு. செய்கிறவர் மனம் உவந்து நிற்கிறாரா, சிக்கிக்கொண்டு நிற்கிறாரா என்பதில்தான் வேறுபாடு. நோயாளியைப் பார்ப்பதும் இப்படித்தான். முதல் மாதம் அது பணிவிடையாக இருக்கும். மூன்றாம் வருஷம், யாரும் கவனிக்காத ஒரு நாளில், அது ஊழியமாக மாறிப்போயிருக்கும். கைகள் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். முகம் மாறியிருக்கும். படுத்திருப்பவருக்கு அந்த முகம் தெரியும். பேச்சு போனவருக்கும் தெரியும்.

பணிவிடை ஊழியமாகிப் போகாமல் காப்பது எது? பொறுமை என்று சொல்லிவிடலாம். சொல்வது எளிது. பொறுமை வற்றிப்போன ஒருவருக்கு அது எங்கிருந்து ஊறும் என்பதுதான் கேள்வி. பலருக்கு அது மண்ணிலிருந்து ஊறுகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத்தில் எல்லா ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும் என்பதால் ஊர்ப் பெயர் தேவையில்லை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறும். மகனுக்கு வளைகுடாவில் வேலை. பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். பார்த்துக்கொள்ள மருமகள் ஒருத்திதான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மாமியாருக்குத் துணி மாற்றி, வெந்நீரில் துடைத்து, முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வருகிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ராத்திரிக்கும் அதே கணக்குதான். கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். பிறகு துணி துவைப்பு, மாத்திரை, மறுபடியும் புரட்டல். இதற்கு நடுவே பையனுக்குச் சோறு, ரேஷன் கடை, கரண்ட் பில்.

அந்த வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் மண் கிடக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைக் குமரிப் பக்கம் புரையிடம் என்பார்கள். நாலு தென்னை, ஒரு முருங்கை, ஆறேழு மூடு வாழை, கொஞ்சம் மரச்சீனி, கிணற்றடியில் சேம்பு, வேலியில் ஒரு பிச்சிக்கொடி. பாதிக்கு மேல் மாமியார் நடமாடின காலத்தில் அவர் கையால் வைத்தவை. மருமகளுக்கு முதலில் இதில் ஈடுபாடு கிடையாது. துணி அலசின தண்ணீர் வீணாக ஓடுகிறதே என்று மம்பட்டியால் ஒரு சால் இழுத்து வாழைக்குத் திருப்பிவிட்டாள், அவ்வளவுதான். ஒரு நாள் பார்த்தால் வாழையில் புதுக் குருத்து சுருளாக நின்றது. ஓரிரு நாளில் பாதி விரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் முழு இலை, எண்ணெய் தேய்த்த மாதிரி. நாலு வருஷமாக அவள் செய்த எந்த வேலைக்கும் அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்ப்பதில் மலமும் மூத்திரமும் பெரிய பாரம் இல்லை. அவை இரண்டு வாரத்தில் பழகிவிடும். எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் நாளைய தினம் இன்றைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும் என்பதுதான் பாரம். பிள்ளை வளர்க்கிறவளுக்கும் இதே துணி, இதே ஊட்டல், இதே ராத்திரி விழிப்பு. ஆனால் பிள்ளை நாளுக்கு நாள் ஏறுகிறது, முதியவர் நாளுக்கு நாள் இறங்குகிறார். இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு ஏறுகிற ஏதாவது ஒன்று வேண்டும். தண்டுக்கீரை விதைத்தால் இருபத்தைந்து முப்பது நாளில் பறிக்கலாம். மரச்சீனிக் கம்பு நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு தோண்டலாம். ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கும். பாடுபட்டால் பலன் உண்டு என்பதை உள்ளே இருக்கிற கட்டில் அவளுக்குக் காட்டவில்லை, வெளியே இருக்கிற மண் காட்டியது.

செடி பேசாது என்பதும் ஒரு காரணம். நோயாளி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்கிறார்கள். "அந்த எண்ணெயைத் தேய்ச்சுப் பாத்தியளா", "எங்க சித்திக்கு இப்படித்தான் இருந்திச்சு, ஆறு மாசத்தில முடிஞ்சு போச்சு" என்று. முருங்கை மரம் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். குலையை வெட்டினால் தாய் வாழையின் கதை முடிந்தது. பக்கத்திலேயே கன்றுகள் நிற்கும். ஒருநாள் மருமகள் குலை வெட்டுவதை மாமியார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கிடந்தார். கன்றுகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நிற்கிறபோது, குழறலாக ஒரு குரல் வந்தது. "மக்கா, பெரிய கன்ன நிப்பாட்டு. சின்னதெல்லாம் எடுத்திரு." தன் முடிவைப் பற்றித்தான் மாமி சொல்கிறாரோ என்று அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. வாழையைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அன்று நடந்தது. நாலு வருஷமாக வாங்கிக்கொள்கிறவராகவே கிடந்த ஒருவர், அன்று சொல்லிக் கொடுக்கிறவர் ஆனார். மருமகள் கேட்டுச் செய்தாள். அதன் பிறகு கட்டிலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுவிட்டாள். செலவு ஒன்றும் இல்லை. சாயங்காலம் பிச்சி மொட்டு விரிகிற நேரத்தில் "பூத்திட்டா?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். நாலு பூவைப் பறித்துத் தலையணை ஓரத்தில் வைப்பாள். மண் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கட்டிலுக்குப் போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. படுக்கைப்புண் உள்ளவருக்கு மண் பட்ட கை ஆகாது.

ஆகவே, வாழைக்குத் தண்ணீர் ஊற்றின நேரம் மாமியாரிடமிருந்து திருடின நேரம் என்பது கணக்குக்கே ஒத்து வரவில்லை. அந்த அரை மணி நேரம் வேறு முகமாகக் கட்டிலுக்குத் திரும்பி வந்தது.

ஆனால் செடி கொடி என்றாலே ஆறுதல் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. பனையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐயா இந்த மண்ணில் வாழ்ந்த 1809 முதல் 1851 வரையான காலத்தில், தென் திருவிதாங்கூரில் சான்றோர் மக்களின் பிழைப்பு பெரும்பாலும் பனையைச் சுற்றியே இருந்தது. காலையும் மாலையும் முப்பது பனை ஏறி இறங்கி, நெஞ்சுத் தோல் காய்த்துப்போன ஒருவருக்கு அந்த மரம் நிம்மதி தந்திருக்குமா? பனைக்கும், பனைத்தொழிலோடு சேர்ந்த பொருள்களுக்கும் வரி. அகிலம் அந்த வரிகளை அடுக்கிச் சொல்கிறது. மரத்தை அண்ணாந்து பார்த்தால் அவர் கண்ணுக்கு வரிக்காரன் முகம்தான் தெரிந்திருக்கும். அதே பனை இன்று வேலியோரம் நிற்கிறது. நுங்கு வெட்டிப் பேரனுக்குக் கொடுக்கிறார்கள், இனிக்கிறது. மரம் மாறவில்லை. பிடுங்கிக்கொண்டு போக ஆள் நிற்கவில்லை.

ஆறுதலில் பாதிதான் மரத்திடம் இருக்கிறது. மரத்தடியில் நிற்கிறவர் தன் விருப்பத்தில் நிற்கிறார் என்பது மீதிப் பாதி. நாள் முழுவதும் இன்னொருவர் உடம்பின் கணக்குக்கு ஓடுகிறவளுக்கு, அந்த அரை மணி நேரம் மட்டும்தான் சொந்தம். எந்த மூட்டுக்கு முதல் குடம், எந்தக் கன்றை வைப்பது, எந்த இலையைச் சோற்றுக்கு அறுப்பது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். தீர்மானிப்பதற்கு வேறொன்றும் இல்லாதவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நிழல் தாங்கல் என்ற பெயரைக்கூட இந்த இடத்தில் நினைக்கலாம். மாளிகை என்றோ மண்டபம் என்றோ அதற்குப் பெயர் வைக்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவர் தங்கி, மூச்சு வாங்கி, மறுபடி நடக்கிறதற்கான நிழல். நிழலில் தங்கினவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. போக வேண்டிய ஊர் போய்ச் சேர்வதற்காகத்தானே தங்குகிறார். புரையிடத்து முருங்கை நிழலுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இனி ஆண்கள் விஷயம். அவர்கள் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்றால், ஆண் விளைக்குப் போனால் அது வேலை என்று பெயர் வாங்கிவிடுகிறது. தகப்பனார் படுக்கையில் கிடப்பார். மகன் காலையில் விளைக்குப் போனால் உச்சிக்குத்தான் வருவான். வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், தென்னைக்குத் தடம் திறக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போவான். "அங்க போய் நின்னாத்தான் எனக்கு மனசு சரியாகுது" என்பான். பொய் இல்லை, உண்மையாகவே சரியாகும். அந்த நேரம் முழுவதும் அவன் மனைவி ஒற்றை ஆளாக மாமனாரைப் புரட்டிக்கொண்டிருப்பாள். தன் தகப்பனாருக்கு எந்தப் பக்கம் புண் என்று அவனுக்குத் தெரியாது. ஒருவருடைய ஆறுதலுக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்றால் அந்த ஆறுதலுக்குள் கலி புகுந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வாழைக்குத் தண்ணீர் ஊற்றப் போன மருமகளைப் பேசின ஊர், விளையிலேயே குடியிருக்கிற மகனை ஒன்றும் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லா ஆண்களும் அப்படி இல்லை. இன்னொரு வீட்டில் மகனே தகப்பனாரைப் பார்த்துக்கொள்கிறார். தகப்பனாருக்கு மறதி நோய். வாழ்நாளெல்லாம் மண்ணில் பாடுபட்டவர், இப்போது மகன் பெயர் தெரியாது. பொழுது சாய்கிற நேரமானால் சொந்தத் திண்ணையில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று புறப்பட்டுவிடுவார். "அப்பா, இதுதானே நம்ம வீடு" என்று மகன் முதலில் மல்லுக்கு நின்று பார்த்தார். வாக்குவாதம் கூடினதே தவிரப் பயன் இல்லை. ஒரு நாள் சலித்துப்போய்க் களைக்கொத்தியைக் கையில் கொடுத்துப் புரையிடத்துக்குக் கூட்டிப் போனார். பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொத்த ஆரம்பித்துவிட்டார். தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. களையோடு கத்தரி நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவார். மகன் மறுநாள் வேறு நாற்று நடுவார். அடுத்த நாள் அதுவும் போகும். கத்தரிக்காய் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு மணி நேர அமைதி சந்தையில் கிடைக்காது. கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டாயிற்று. பூச்சிமருந்து டப்பாவும் அரிவாளும் பூட்டுக்குள்ளே. மறதி நோய் உள்ள வீட்டில் இந்த இரண்டையும் முதலில் செய்துவிட வேண்டும்.

அந்த மகன் தினமும் காலையில் தகப்பனாரை உட்கார வைத்து, நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டிவிடுகிறார். தலை நிமிர்ந்து நிற்பதற்காக ஐயாவின் மக்கள் கட்டுகிற தலைப்பாகை அது. தான் யார் என்பதே மறந்துபோன தலைக்கும் அது உரியதுதான். பதியில் கண்ணாடி முன் நிற்கிறவர் தன் உருவத்தைக் கண்டு தன்னுள் இருக்கும் ஐயாவை உணர வேண்டும் என்பது வழி. இந்தப் பெரியவருக்குக் கண்ணாடியில் தெரிகிற ஆளை அடையாளம் தெரியவில்லை. கட்டிவிடுகிற மகனுக்குத் தெரிகிறது.

மண்ணை நம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் தென்னையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து கிடந்தன. நோயாளியை வைத்துக்கொண்டு கரண்டும் இல்லாமல், விழுந்த மரங்களுக்கு நடுவே நின்றவர்கள் எத்தனையோ பேர். மனநிம்மதி முழுவதையும் புரையிடத்தில் வைத்திருந்தவருக்கு அன்று இரட்டை இழப்பு. வாழை மறுபடி மூட்டிலிருந்து துளிர்த்தது. சாய்ந்த தென்னை துளிர்க்காது. கன்று வைத்தால் காய்க்கச் சில வருஷம் போகும். செடி ஆறுதல் தரும், ஆனால் அது துணை ஆகாது. ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் போட இன்னொரு ஆள் வேண்டும் என்றால் அதற்கு வாழை வராது.

வாகைப்பதியில் துவையல் தவசு நடந்ததை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். குளிப்பதும், உடுத்த துணியைத் துவைப்பதும், சமைத்து ஒரு வேளை உண்பதும் அங்கே தவசு ஆயிற்று. அழுக்குத் துணி துவைப்பதை இழிவாக எண்ணின உலகத்தில், அதைத் தவசு என்று ஐயா உயர்த்தினார். படுக்கைத் துணியை நாளுக்கு மூன்று தடவை அலசிப் போடுகிற மகளும் மருமகளும் அந்தத் தவசின் தொடர்ச்சியில் இருப்பவர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்படிச் சொல்லி அவளைப் புகழ்ந்துவிட்டு எழுந்து போவதுதான் தவறு. துவையல் தவசில் எழுநூறு குடும்பத்தார் சேர்ந்து இருந்தார்கள். ஒருத்தியைத் துவைக்கவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ஐயாவின் வரலாற்றிலேயே ஒரு நோயாளி வீடு உண்டு. முத்துக்குட்டி என்ற பெயரோடு இருந்த நாளில் அவர் கடும் நோயில் கிடந்தார். தாயார் வெயிலாள் உறவினரைக் கூட்டிக்கொண்டு, நோயில் கிடந்த மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்து திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார். கொல்லம் 1008, மாசி 20-இல், கி.பி. 1833-இல், கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளியதை வருஷந்தோறும் அவதாரத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தின நாட்களில் நடந்த அந்தச் சுமப்பை அதிகம் பேர் நினைப்பதில்லை. தொட்டில் கட்டின கம்பை ஒருவர் தோளில் சுமக்க முடியாது. முன்னே ஒரு தோள், பின்னே ஒரு தோள். தூரம் போகப் போகத் தோள் மாற்றிக்கொள்ள வேறு ஆட்களும் வேண்டும். தாயின் அன்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கம்பின் மறுமுனைக்கு இன்னொரு தோள் வேண்டும்.

இன்று வீடுதோறும் மருமகளோ மகளோ கம்பின் இரண்டு முனையையும் ஒரே தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "இவளுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று சுற்றத்தார் பாராட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருக்கிற மகன் பணம் அனுப்புகிறார், அது பெரிய உதவிதான். மருத்துவச் செலவு சாமானியம் இல்லை. உள்ளூரில் இருக்கிற மகள் மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து, அம்மையின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போகிறார். அழுகை பொய் இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு ராத்திரி அந்த மகள் வந்து படுத்தால், மருமகள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவாள். இதைக் கேட்க மருமகளுக்கு வாய் வராது. ஊரில் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒருத்தியின் கூலி இல்லாத உழைப்பில் ஒரு குடும்பம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் அதற்குப் பழைய பெயர்தான் பெயர். எட்டு சென்ட் புரையிடம் அல்ல, எண்பது ஏக்கர் தோப்பு இருந்தாலும் அந்த ஊழியத்தை ஆற்றாது.

அரசு வழியிலும் சில உதவிகள் உண்டு. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் தணிப்புச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். பதியில் வாங்கின முத்திரிப் பதமும் திருமண்ணும் நம்பிக்கையோடு கொடுக்க வேண்டியவை. அதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டாம் தடவையும் வரக்கூடும்.

தாங்கலால் ஆகிற காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்னதர்மத்துக்கு அரிசி அளந்து கொடுக்கிற கைகளுக்கு இது பாரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து போகிற வழியில், அப்படிப்பட்ட வீடு ஒன்றில் ஏறலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோ ஆப்பிளோ வேண்டாம், வைத்தியமும் சொல்ல வேண்டாம். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மைனி, நீங்க போய் வாழையப் பாத்திட்டு வாங்க, மாமிகிட்ட நான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். அவள் உடனே போக மாட்டாள். ஒன்றும் வேண்டாம், வேலை ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை சொல்வாள். மூன்றாம் தடவை போவாள். போவதற்கு முன்னால் அடுத்துப் பக்கம் மாற்றுவது எத்தனை மணிக்கு, இடப்பக்கமா வலப்பக்கமா, மாற்றுத்துணி எந்தக் கொடியில் கிடக்கிறது என்பதை அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா உண்டு